வீட்டில் வைப்பதும் கற்பிப்பதும்



ஆட்டிசம் உள்ள பிள்ளை ஐந்தாம் வகுப்புவரை எப்படியோ சமாளித்துவிடுகிறான். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கோர் ஆசிரியர், இரைச்சல், நெரிசல், கேலி! காதைப் பொத்திக்கொண்டு அழுகிறவனை வீட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். நிறுத்தியதில் குற்றமில்லை. ஆனால் அதன்பின் கற்பிக்கிறோமா, விருந்தாளி வந்தால் உள்ளறையில் ஒளிக்கிறோமா?

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கேட்டு வந்தபோது, குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. அதைச் சுட்டிக்காட்டியே திருமறையின் 80-வது அத்தியாயம் 'அபஸ' இறங்கியது. அதே ஸஹாபி பின்னர் மதீனாவில் பாங்கு சொன்னார். அப்படியிருக்க, நம் பிள்ளையைப் புறக்கணிக்க நமக்கேது உரிமை?

வழியும் உண்டு. 14 வயது நிறைந்தபின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து, வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்குள் ஒன்றிரண்டாக எழுதலாம்.

அன்றாடம் ஒரே நேரம், ஒரே இடத்தில் பாடம் நடக்கட்டும். ஒளுவின் முறையைப் படங்களாக வரைந்து குழாயருகே ஒட்டுங்கள். கடையில் சில்லறையை அவனே எண்ணிக் கொடுக்கட்டும். அதுவும் கணக்குப் பாடமே. கூட்டம் குறைந்த வக்தில் பள்ளிவாசலுக்கு அழைத்து வாருங்கள். ஜமாஅத்தார் முகம் சுளிக்க வேண்டாம்.

தகப்பன்மாரே! எல்லாவற்றையும் தாயின் தலையில் சுமத்திவிட்டு நகராதீர்கள். பிள்ளை இருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை நிறைவேற்ற வல்ல நாயன் நமக்குப் பொறுமையைத் தருவானாக! ஆமீன்.