கப்பலில் ஒரு ஏகாதசி

என் அப்பாவுக்குப் பரான்ன நியமம். வெளியே எங்கும் சாப்பிட மாட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து காசிக்குப் போனபோதுகூட மஞ்சள் பையில் சத்துமாவும் வெல்லமும், கூஜாவில் காவேரித் தீர்த்தமும்தான் கூடப் போயின. வழியில் யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டார் என்று தெருவில் அவருக்குப் பெரிய பேர். அந்த மாவுக்கான தானியத்தை முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து வறுத்து, விடியுமுன் குளித்து மடியாக ஏந்திரத்தில் அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்துக் கட்டிக் கொடுத்தது அம்மா. அந்தப் பேரில் அம்மாவுக்குப் பங்கு கிடைக்கவில்லை. இது எனக்கு உறைத்தது என் அறுபத்தெட்டாவது வயதில், அந்தமான் கடலில் நின்ற ஒரு கப்பலின் சாப்பாட்டு அறையில்.

தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். 2024 ஏப்ரல் முதல் வாரம், பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் நாலு ராத்திரிக் கப்பல் பயணத்துக்கு என்னையும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். கடல் தாண்டுவதைப் பாவங்களின் கணக்கில் வைத்திருக்கிறது போதாயன தர்ம சூத்திரம். அப்பா அதை அடிக்கடி சொல்வார். எனக்கு அந்தப் பயம் இல்லை. என் கவலையெல்லாம் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஏகாதசி என்பதுதான். வீட்டில் செய்த பண்டத்தைக் கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். கடையில் சீல் வைத்து விற்பதைத்தான் அனுமதிப்பார்கள். ஆகவே மறுநாள் விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு ஒரு பாக்கெட் நெல்லிமுள்ளி மட்டும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அப்பாவின் மஞ்சள் பைக்கு அங்கே இடமில்லை. முதல் முறையாக என் நியமம் முழுக்க முழுக்க அந்நியர் கையில் இருந்தது.

மருமகள் இரண்டு மாதம் முன்பே ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தாள். பால் ஒவ்வாதவர், கோதுமை ஒவ்வாதவர், வேர்க்கடலை ஒவ்வாதவர், ஹலால், கோஷர், ஜைன உணவு, சைவம் என்று எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. வேர்க்கடலை பட்டால் மூச்சு அடைத்துவிடுகிறவருக்கும், பூண்டைக் கண்டால் அப்பா முகம் நினைவுக்கு வருகிற எனக்கும் அந்தச் சமையற்கட்டில் ஒரே மரியாதை. அது எனக்குப் பிடித்திருந்தது. எதனால் வேண்டாம் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முதல் நாள் ராத்திரி காய்கறி போட்ட நூடுல்ஸ் வந்தது. முள்கரண்டியை எடுத்துவிட்டேன். எங்கள் மேஜைக்குப் பரிமாறிய பையன் தூரத்திலிருந்து வேகமாக வந்து தட்டின் மேல் கையை வைத்து மறித்தான். இந்தோனேசியாவில் லொம்போக் தீவுக்காரன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “மன்னிக்கணும் இபு, இதில் ஆய்ஸ்டர் சாஸ் இருக்கு” என்றான். இபு என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முட்டைக்கோசும் கேரட்டும் குடைமிளகாயும்தான். ஆனால் அதைப் புரட்டியெடுத்த கறுப்புக் குழம்பு சிப்பியிலிருந்து வந்தது. தட்டைக் கொடுத்தனுப்பியவர் பொய் சொல்லவில்லை. காய்கறிச் சாப்பாடு என்றால் காய்கறி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவருக்கு அர்த்தம். மீன், மாமிசம், முட்டையின் வாடைகூடப் படக்கூடாது என்பது எனக்கு அர்த்தம். யோசித்தால் நம் சொல்லும் விசித்திரம்தான். வைஷ்ணவக் குடும்பத்துப் பெண் நான். போகிற இடமெல்லாம் ‘சைவம்’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒரு சமயத்தின் பெயரே தமிழில் சாப்பாட்டின் பெயராகிவிட்டது. அந்தச் சொல்லைக் கடல்மேல் கொண்டுபோனால் அதன் பாதி அர்த்தம் கரையிலேயே நின்றுவிடுகிறது.

அன்று தூக்கம் வரவில்லை. காந்தியை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் கப்பலேறியபோது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவர். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று பரிமாறுகிறவரைக் கேட்கவும் கூச்சம். கையில் கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தன் அறையிலேயே தின்று காலம் தள்ளினார் என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். லண்டன் போனபிறகு, முட்டை மாமிசம் ஆகாது என்று ஒரு வாதம் அவரை இழுத்தது. சிறிது காலம் முட்டை தின்றும் பார்த்தார். பிறகு, சத்தியம் வாங்கியவள் அம்மா, மாமிசம் என்ற சொல்லுக்கு அவள் மனசில் என்ன அர்த்தமோ அதுவே என்னைக் கட்டும் என்று தீர்மானித்து முட்டையை விட்டார். அதற்கப்புறம் சாப்பாட்டுக் கடைகளில் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று விசாரித்தே சாப்பிட்டார். கப்பலில் வாய் திறக்காத பையன் விரதத்தின் பொருட்டே கேட்கக் கற்றுக்கொண்டார். கேட்பது விரதத்துக்கு இழுக்கு இல்லை. கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு தின்பதுதான் இழுக்கு. இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் அதற்கடுத்த நாள் வந்தது.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம். என்னைப் போல் தனிச் சாப்பாடு கேட்டவர்களிடம் ராத்திரிக்கான அட்டையை முன்னதாகவே கொண்டுவந்து காட்டிக் கேட்டுக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கும் இடத்தில் குழம்பு வகைகளெல்லாம் பெரிய பாத்திரத்தில் முன்கூட்டியே தயாராகிவிடும். பரிமாறும் நேரத்தில் பூண்டைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் எங்கள் தட்டு தனியாகத் தொடங்க வேண்டும். நூடுல்ஸ் வந்த அந்த ராத்திரியே, வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தவில்லை. தயிர் புளிக்காமல் கெட்டியாக வேண்டும் என்றேன். சாதம் குழைய வேண்டும் என்றேன். கடைசியில், முடியுமானால் கொஞ்சம் சாத்துமுது, அதாவது ரசம், மிளகு தூக்கலாக என்றேன். லொம்போக் பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

மறுநாள் பினாங்கில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் ரசம் வந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் கொத்தமல்லி மிதக்க, நெய்யில் தாளித்து, கொதிக்கக் கொதிக்க. முதல் வாய் குடித்ததும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. சற்று நேரத்தில் சமையல்காரரே வந்து எங்கள் மேஜையருகில் நின்றார். மங்களூர்ப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். “சரியா வந்திருக்கா அம்மா? பூண்டு போடாம நீங்க கேட்ட மாதிரிதான் வெச்சேன்” என்று தமிழில் கேட்டார். அவர் தோளில் போட்டிருந்த துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது, இப்போதுதான் எடுத்துப் போட்டதுபோல. பேச்சுவாக்கில் தெரிந்தது: அவருடைய வேலைமுறை முடிந்துவிட்டது, அறைக்குப் போய்ப் படுத்தவர் இந்த ஒரு கிண்ணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறார். யாரும் வரச் சொல்லவில்லையாம். நம்ம ஊர் அம்மா ஒருத்தர் கேட்டாங்க என்று கேள்விப்பட்டு வந்தாராம்.

என் மகன் கப்பல் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன். அவர் போனபிறகு அவன்தான் சொன்னான். கடல் தொழிலாளருக்கென்று 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு என்பது அதில் ஒரு விதி. ஊழியர்களுக்குப் போடும் சாப்பாடு அவர்களுடைய மதத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. பயணியின் நியமம் கம்பெனி காட்டும் உபசாரம்; ஊழியரின் நியமம் அவருடைய உரிமை. இது எனக்குப் புதிய செய்தி. அவர்களுக்கும் நியமம் உண்டு என்பதையே நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏகாதசி. காலையில் ஒரு டம்ளர் பால், அதோடு சரி. கப்பல் புக்கெட்டில் நின்றது. பேரக் குழந்தைகளுக்குத் துணையாகச் சாயங்காலம் சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு குஜராத்தி ஜைனக் குடும்பம். கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத சாப்பாடு. சூரியன் மறைந்தபின் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்பதால் அந்தப் பாட்டி பேத்தியை அவசரப்படுத்தி ஊட்டிக்கொண்டிருந்தாள். கப்பல் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தில் ஓடியது. அதை நம்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லொம்போக் பையனும் நடுநடுவே அதே ஜன்னலைப் பார்த்தான். எதற்கு என்று முதலில் புரியவில்லை. ரமலான் மாதம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. விடிகாலை முதல் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பரிமாறிவிட்டு, இப்போது மூன்றாம் வேளைக்கு நின்றுகொண்டிருக்கிறான்.

ஏழரை தாண்டிச் சூரியன் இறங்கிற்று. பாட்டி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பையன் தட்டு அடுக்கும் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, காகிதக் கோப்பையில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தான். உதடு அசைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்து பேரன் சிந்திய ஐஸ்கிரீமைத் துடைத்தான். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் இருக்காது. ஒரே சூரியன் மறைந்தது. அவளுக்கு அத்துடன் சாப்பாடு முடிந்தது, அவனுக்கு அப்போதுதான் தொடங்கியது, எனக்கு மறுநாள் அது உதிக்க வேண்டும்.

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் ராமாநுஜர் பக்திக்கு வேண்டிய ஏழு சாதனங்களைச் சொல்லும்போது முதலில் வைப்பது விவேகம். அங்கே விவேகம் என்றால் சாப்பாட்டில் குற்றம் நீக்குவது. பண்டத்தின் இயல்பாலேயே வரும் குற்றம் ஒன்று, பூண்டு போல. மயிர், தூசு விழுந்து வருவது ஒன்று. மூன்றாவது ஆச்ரய தோஷம்: யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வருவது. இந்த மூன்றாவதை வைத்துக்கொண்டு நம்மவர்கள் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டு வாசலிலும் அது நடந்தது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். சாந்தோக்கிய உபநிஷதத்தில் ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும் என்று வரும் இடத்துக்குச் சங்கரர் வேறு பொருள் சொன்னார்: புலன்கள் உள்ளே கொண்டுவருவதெல்லாம் ஆகாரம், விருப்பு வெறுப்பு கலக்காமல் அதை வாங்குவதே சுத்தம். எங்கள் வீட்டில் அந்த உரைக்கு மதிப்பில்லை. எனக்கு அன்றைக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

சமைத்தவரின் மனசு அன்னத்தில் இறங்கும் என்றால், அந்த மனசை நோகவைப்பவள் நானாக இருந்தால் குற்றம் யாருடையது? ஓய்வை விட்டு ஒரு மனிதர் எழுந்து வந்து வைத்த ரசத்தில் அவர் பக்கம் அன்பு மட்டும்தான் இருந்தது. அதில் தோஷம் என்று ஒன்று ஏறியிருந்தால் அது கேட்ட என்னிடமிருந்து ஏறியது. சாப்பிடுகிறவரால் சாப்பாட்டுக்கு வரும் குற்றத்தை அந்த மூன்றில் யாரும் சேர்க்கவில்லை, சேர்த்திருக்க வேண்டும். மிளகு தூக்கலான சாத்துமுதை எந்த ஏகாதசியும் கேட்கவில்லை. கேட்டது என் நாக்கு. பூண்டு வேண்டாம் என்ற என் விரதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. விரதம் என்பது ஒன்றை விடுவது. அதற்குப் பிறர் கொடுக்க வேண்டியது தகவல் மட்டும்தான்: இதில் என்ன இருக்கிறது என்று. அதற்கு மேல் கேட்பதெல்லாம் ருசி. ருசி பாவமில்லை, ஆசையாக இருக்கிறது என்று சொல்லியே கேட்கலாம். பெருமாள் பேரில் கேட்டால், மறுக்க முடியாத இடத்தில் எதிராளியை நிறுத்திவிடுகிறோம். சமையல்காரரை நான் நிறுத்தியது அந்த இடத்தில்தான். அம்மாவை அப்பா வாழ்நாள் முழுக்க நிறுத்தியிருந்தார். ஏகாதசியன்று அம்மாவும் பட்டினிதான். எங்கள் ஆறு பேருக்கும் அடுப்பு மூட்டியவளும் அவளேதான். அவள் சாப்பிட்டாளா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை மேல்தளத்தில் நின்று, சூரியன் தெரிந்தபிறகு நெல்லிமுள்ளியை வாயில் போட்டுப் பாரணை செய்தேன். அன்று ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்க லொம்போக் பையன் அட்டையோடு வந்தான். அட்டையில் இருப்பதில் எது எனக்கு ஆகும் என்று மட்டும் சொல் தம்பி என்றேன். பருப்பு சூப், ரொட்டி, பழம் என்று காட்டினான். பருப்பு சூப்பில் பூண்டு உண்டா என்று சமையற்கட்டில் போய்க் கேட்டுவிட்டு வந்து, உண்டு என்றான். ரொட்டியும் பழமும் சாப்பிட்டேன்; போதுமாக இருந்தது. மங்களூர்க்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் பெயர் சொல்லி, கம்பெனிக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இப்போது மகன் மறுபடி கூப்பிட்டிருக்கிறான். மருமகள் அனுப்பிய படிவத்தில் மாமிசம், மீன், முட்டை, வெங்காயம், பூண்டு, இவை சேர்ந்த சாஸ் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதன்கீழ் ‘வேறு விருப்பங்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன்.