தொட்டியின் தரையும் கெளுத்தியின் உலகமும்

மனிதர் தம் விருப்பத்திற்காக ஓர் உயிரைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் வைத்து வளர்க்கும்போது, அதற்கு அவர் பட்ட கடன் உணவோடும் தூய நீரோடும் தீர்ந்துவிடுகிறதா என்னும் வினா, தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்ற சிறு முடிவிலேயே தன் முழுக் கனத்தோடும் எழுகிறது. அடித்தரையை ஒட்டி வாழும் கெளுத்தி மீன்களுக்கு அத்தரை அலங்காரம் அன்று; அவை இரை தேடுவதும் ஓய்வு கொள்வதும் சுற்றுப்புறத்தை அறிவதும் அதன் வழியாகவே நிகழ்கின்றன.

தென்னமெரிக்க ஆறுகளிலும் ஓடைகளிலும் கூட்டமாக வாழும் கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்திகள் இதற்குத் தக்க சான்று. பீகிள் கப்பற்பயணத்தில் டார்வின் சேகரித்த மீன்களுள் இவ்வகையைச் சேர்ந்த ஒன்றும் இருந்தது. அதனை இயற்கையியலாளர் லெனார்டு ஜெனின்ஸ் 1842இல் விவரித்துப் பெயரிட்டார். செதில்களுக்கு மாற்றாகப் பக்கத்திற்கு இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் இம்மீனின் விலாவைக் காக்க, உலகைத் தொட்டும் சுவைத்தும் அறிகின்ற மீசைகளோ எவ்விதக் காப்புமின்றி வாயோரத்தில் தொங்குகின்றன. மென்மணலில் முகத்தைப் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, அதிலுள்ள புழுக்களையும் நுண்ணுயிர்களையும் பிரித்து உண்டு, மணலைச் செவுள்களின் வழியே வெளியேற்றுவது அதன் இயல்பான தொழில். கூரிய சரளைக்கல் பரப்பிய தொட்டிகளில் இம்மீசைகள் தேய்ந்து குறைவதுண்டு. அதற்குக் காரணம் கல்லின் கூர்மையா, கற்களின் இடுக்கில் அழுகும் கழிவில் பெருகும் பாக்டீரியாவா என்று மீன் வளர்ப்போரிடையே நெடுநாளாக வாதம் நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துவன என்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது பொருந்தாது.

இவ்வாதத்தில் ஒரு செய்தி மறைந்துபோகிறது. உருண்டு வழவழப்பான பெருங்கற்கள் மீசையைக் கிழிக்காமல் இருக்கலாம்; ஆயினும் அவற்றை வாயில் அள்ளிச் செவுளால் வெளியேற்ற இயலாத மீன், காயமின்றி இருந்தும் தன் தொழிலை இழந்து நிற்கிறது. ஒவ்வோர் உயிரும் தன் புலன்களால் தனக்கென அமைத்துக்கொள்ளும் உலகத்திலேயே வாழ்கிறது என்று யாக்கோப் ஃபொன் யுக்ஸ்க்யூல் என்னும் உயிரியலாளர் 1909 முதல் விளக்கி வந்தார். அந்நோக்கில் பார்த்தால், மணலற்ற தரை கெளுத்திக்கு வசதிக்குறைவு மட்டும் அன்று, உலகக் குறைவே ஆகும். தன் இனத்திற்குரிய செயல்களைச் செய்து வாழ விலங்குக்கு உரிமை உண்டு என வாதிடும் மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாமின் அறவியலும் இவ்விடத்திற்கே வந்து சேர்கிறது.

இவ்வினாவை மிகக் கூர்மையாக அணுக உதவுவது சமண மரபு. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்த அம்மரபு, மீனை ஐம்பொறி உடைய உயிராகக் கொள்கிறது. தொல்காப்பிய மரபியலும் இதையொத்த முறையில் தொடு உணர்வை முதல் அறிவாகவும் நாவின் உணர்வை அதன்மேல் ஏறும் இரண்டாம் அறிவாகவும் வைத்து உயிர்களை வரிசைப்படுத்துகிறது. கெளுத்தியின் மீசையில் இவ்விரண்டும் ஒருங்கே குடியிருக்கின்றன. பிராணன்கள், அதாவது உயிரைத் தாங்கும் ஆற்றல்கள், பத்து எனக் கணக்கிடும் சமணம், ஐம்புலன்களின் ஆற்றலையும் அவற்றுள் சேர்க்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் விழிப்பற்ற செயலால் பிராணனுக்கு ஊறு செய்வதையே இம்சை என வரையறுக்கிறது. ஆகவே கூர்ங்கல்லால் மீசை தேய்வது, அம்மரபின் சொற்பொருளிலேயே, ஓர் உயிராற்றலைப் பறிப்பதாகும். கொடுமை செய்யும் எண்ணம் வளர்ப்பவரிடம் இல்லை என்பது இங்கே விடுதலை தராது. எண்ணத்தையே வினையின் வேராகக் கொள்ளும் பௌத்தம் அவரிடம் சற்று மென்மையாக நடந்துகொள்ளக்கூடும்; எனினும் வளர்ப்பவர் தேர்ந்து வாங்கிய தரையிலிருந்து விலகிச் செல்ல வழியற்ற உயிரின் முன்னால், சமணத்தின் கண்டிப்பே பொருத்தமாகத் தோன்றுகிறது. மீனைச் சிறைவைப்பதையே அது ஏற்காது என்பதும் உண்மை. அக்குறை ஒருபுறம் நிற்க, சிறையின் தரை பற்றிய பொறுப்பு அதனால் குறைவதில்லை.

மீன் வலியை உணர்வதே இல்லை என்போர் உளர். மூளையின் புறணி அமைப்பு மீன்களிடம் இல்லாமையைக் காட்டி நரம்பியல் ஆய்வாளர் பிரையன் கீ 2016இல் அவ்வாறு வாதிட்டார். அதற்கு முன்பே, 2003இல், லின் ஸ்னெட்டனும் உடன் ஆய்ந்தோரும் வானவில் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தைச் செலுத்தியபோது, அவை உதட்டைத் தொட்டியின் சரளைக்கல்லில் தேய்த்துக்கொண்டதைப் பதிவு செய்திருந்தனர். வாதம் முடியவில்லை. ஆனால் மெய்யியலாளர் ஜொனாதன் பர்ச் 2017இல் விலங்குகளின் உணர்வுக்குப் பொருத்திக் காட்டிய முன்னெச்சரிக்கை நெறி, ஐயம் நிலவும்போது ஐயத்தின் பயனை விலங்குக்கே அளிக்கச் சொல்கிறது. ஒரு பை மணலின் விலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பை மறுப்பதற்கு வலுவான நியாயம் வேண்டும்.

நடைமுறையில் இக்கடன் எளிதாகவே நிறைவேறும். விளிம்பு மழுங்கிய, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மணிகளைக் கொண்ட மணலை நீர் தெளியும்வரை கழுவி, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் போதும். அதனினும் மிகுந்தால் அடியில் ஆக்சிஜன் புகாமல் தேக்கம் உண்டாகும். துரு நீக்கப் பீய்ச்சும் மணல் ஆகாது; அதன் முனைகள் கூரியவை. சிப்பி மணலும் பவள மணலும் சுண்ணாம்பைக் கரைத்து நீரின் கடினத்தன்மையை உயர்த்துவன ஆதலால் அவையும் ஆகா. நல்ல மணலும் கழிவைச் சுமந்தால் புண்ணுக்கு இடமாகும் என்பதால், மேற்பரப்பைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுப்பது தரையைத் தேர்வதோடு பிரியாத பணி.

மணல் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி எஞ்சுகிறது. பாலாறும் காவிரியும் மணல் அள்ளப்பட்டு இழந்த படுகைகளிலும் அடித்தரை மீன்களும் நத்தைகளும் புழுக்களும் வாழ்ந்தன. ஓர் ஆற்றின் தரையைப் பறித்து வேறோர் ஆற்றின் மீனுக்கு விரிப்பதில் அறம் முழுமை பெறாது. தொட்டிக்கு வேண்டிய அளவு சிறிதே என்பது உண்மைதான். இருப்பினும் ஆற்றுப் படுகையைத் தொடாத நீர் வடிகட்டி மணலை நாடுவதும், தொட்டி மாற்றும்போது பழைய மணலையே கழுவி மீண்டும் பரப்புவதும் வளர்ப்பவரின் கைக்கு எட்டியவையே.