கியாமத்தைக் கையில் எடுத்தவர்கள்



கியாமத் நாளை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் அது எப்போது வரும் என்ற அறிவை அல்லாஹு தஆலா தன்னிடமே வைத்துக் கொண்டான். ஜிப்ரீல் (அலை) அவர்களே வந்து கேட்டபோதும், நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குத் தெரியாதென்றே கூறினார்கள். அவர்களே தெரியாது என்ற ஒன்றை, எனக்குத் தெரியும் என்று ஒருவன் சொன்னால் அவனை என்னவென்பது?

ஜப்பானில் ஷோகோ அசஹாரா என்பவன் அப்படிச் சொன்னான். யோகா கற்பித்து ஆள் சேர்த்து, ஓம் ஷின்ரிக்கியோ என்ற கூட்டத்தை நடத்தினான். உலகம் அழியும், என்னோடிருப்பவரே தப்புவர் என்றான். மருத்துவரும் விஞ்ஞானம் படித்தவரும் அதை நம்பினர்! 1989இல் அவனை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞரையும் அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் கொன்றார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்னும் நச்சை விட்டார்கள். 2018 ஜூலையில் அவனும் அவன் சீடர் 12 பேரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்நியர் கதைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஹிஜ்ரி 1400, முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20இல், ஜுஹைமான் என்பவன் தன் மைத்துனரை மஹ்தி என்று அறிவித்து, துப்பாக்கியோடு புனித ஹரத்தையே பிடித்துக் கொண்டான். இரத்தம் சிந்தக் கூடாத இடத்தில் இரண்டு வாரம் இரத்தம் ஓடியது. அந்த 'மஹ்தி'யும் அங்கேயே மாண்டார்.

இவ்விரண்டையும்விட என்னை அதிகம் வருத்துவது நம் தமிழிலேயே நடந்தது. இலங்கைக் காத்தான்குடியின் ஸஹ்ரான் ஹாஷிம் மதரஸாவில் ஓத வந்தவன். ஆசிரியர்களோடு தர்க்கித்து, முடிக்கும் முன்பே வெளியேற்றப்பட்டவன். நாவன்மை இருந்தது. அதுவும் ஒரு நிஃமத்துதான், ஆனால் ஃபித்னாவாகவும் மாறும். தன்னோடு ஒத்துப்போகாத முஸ்லிம்களைக் காஃபிர் என்றான். 2017இல் சொந்த ஊரிலேயே தரீக்காவினரோடு மோதல் நடந்தபின் தலைமறைவானான். பிறகு கைபேசித் திரையே அவனுக்கு மிம்பர். கியாமத்துக்கு முந்திய போர் நடக்கும் ஊரென ஹதீஸில் வரும் தாபிக்கின் பெயரையே பத்திரிகைக்குச் சூட்டி ஆள் பிடித்த ஐ.எஸ். கூட்டத்துக்குப் பைஅத் செய்தான்.

சாந்தோம் பேராலய மணியோசை கேட்கும் தெருக்களில் வாழ்கிறோம். ஈஸ்டர் காலையில் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை அணிவித்துக் கூட்டிப்போகும் அண்டைவீட்டாரை நாம் அறிவோம். 2019 ஏப்ரல் 21இல் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அவ்வாறே போனார்கள். மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 250க்கும் அதிகமான உயிர்கள் போயின. ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் ஸஹ்ரானின் குடும்பத்தார் பதுங்கியிருந்த வீட்டில் 15 பேர் இறந்தனர். அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். அவ்வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. கொலைகாரர்களின் மையித்துகளை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது அங்குள்ள ஜம்இய்யத்துல் உலமா.

கியாமத் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடும்படி ஏவிய நபியின் உம்மத் நாம். அந்த நாளின் பெயரைச் சொல்லிக் குழந்தைகளைக் கொல்பவனுக்கு இந்தத் தீனில் என்ன பங்கு?

தாய்மார்களே! பிள்ளை தனியே காதில் மாட்டிக் கேட்கும் பயானை ஒருநாள் நீங்களும் உடனமர்ந்து கேளுங்கள். பிற முஸ்லிம்களைக் காஃபிர் என்கிறானா, பெற்றோரிடம் சொல்லாதே என்கிறானா என்று பாருங்கள். ஐயம் வந்தால் மஹல்லா இமாமிடம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அஸருக்குப் பின் அவர் பள்ளியில்தான் இருப்பார்.