ஆற்றுப்படுத்தும் கடன்

கலையைக் கற்பிக்கும் ஆசிரியர் கலையை மட்டும் கற்பித்தால் போதுமா? அன்றி, அக்கலையைக் கொண்டு மாணவன் வாழ்வதற்கும் வளர்வதற்கும் உரிய வழியையும் காட்டியாக வேண்டுமா? தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைகளில் இவ்வினா அடிக்கடி எழுவதில்லை. எழுந்தாலும், 'சோறு போடாத கலையைப் பற்றி இப்போது என்ன பேச்சு?' என்னும் ஒற்றை வாக்கியத்தில் அமுங்கிப் போகிறது. ஆயினும் இது வெறும் வேலைவாய்ப்புப் பற்றிய வினா அன்று. அறம் பற்றிய வினா. ஒருவரிடம் ஓர் ஆசையை விதைத்தவர், அது முளைத்த பின் அதற்கு எந்த அளவு பொறுப்பாவார் என்பதே இதன் உள்ளீடு.

பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு நன்றாக ஆட வருகிறது என்பதைப் பள்ளி கண்டுகொள்கிறது எனக் கொள்வோம். அன்று முதல் ஆண்டு விழாவுக்கு அவள் வேண்டும்; ஆசிரியர் தினத்துக்கு அவள் வேண்டும்; மாவட்டப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் அவளே வேண்டும். அவள் வென்று வந்த கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. பெற்றோர் கடன்பட்டேனும் அரங்கேற்றம் நடத்துகின்றனர். பின்னர் ஐந்தாம் படிவத் தேர்வு நெருங்குகிறது. அதுவரை கைதட்டிய அனைவரும் ஒரே குரலில், 'ஆடியது போதும், இனிப் படிப்பைப் பார்' என்கின்றனர். ஏழாண்டுகளாக 'உன் வாழ்வே இதுதான்' என்பது போல் நடந்துகொண்டவர்கள், ஒரே நாளில் 'இது வெறும் பொழுதுபோக்கு' என்று கூறினால், இவ்விரண்டில் ஒன்று பொய்யாக இருந்திருக்க வேண்டும் அன்றோ? கோப்பை பள்ளியிடம் தங்கிவிட்டது. அவளிடம் தங்கியது என்ன?

பழந்தமிழர் இவ்வினாவுக்கு முகங்கொடுத்த முறை வியக்கத்தக்கது. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகனிடத்து ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் பொருநர், பாணர், கூத்தர் ஆகிய கலைஞர்களைப் புரவலர்களிடம் வழிகாட்டி அனுப்புவன. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனைக் கண்டு, தான் பெற்ற வளத்தை அவனும் பெறுமாறு வழி கூறுவதே அவ்விலக்கிய வகையின் பொருள் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கிறது. இதனை மன்னர் புகழ் பாடும் உத்தி என்று மட்டும் பாடம் நடத்திவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஆயின் அதனுள் உறைந்திருக்கும் அறம் வேறு. வழி தெரிந்தவன் அதனை மறைத்து வைத்தல் ஆகாது. எதிரே வருபவன் தனக்குப் போட்டியாளன் என்று எண்ணி வாய்மூடிப் போதல் ஆகாது. தொழிற்போட்டி மிகுந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றியே இவ்வறம் பேசப்பட்டது என்பது நினைக்கத்தக்கது.

அந்நூல்கள் வறுமையை மூடிமறைக்கவும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். கண் திறவாத குட்டிகள் பால் தேட, அதனைப் பொறுக்க இயலாது பசியால் குரைக்கும் தாய் நாய். இடிந்து வீழும் பழஞ்சுவர். நகத்தால் கிள்ளிய குப்பைக் கீரையை உப்பின்றி வேக வைத்துப் பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் பாணர் குடும்பம். கலை சோறு போடாது என்று இக்காலத்துப் பெற்றோர் அஞ்சும் அச்சம் புதியது அன்று. அவ்வச்சத்தை ஏளனம் செய்யும் உரிமையும் எவர்க்கும் இல்லை. மலேசியத் தோட்டப்புறங்களிலிருந்து கல்வி ஒன்றையே கைப்பற்றி மேலே வந்த தலைமுறை அது. தன் மகன் ஓவியனாவான் என்று கேட்டதும் ஒரு தந்தை முகம் சுளித்தால், அச்சுளிப்புக்குப் பின்னே பால்மரக் காடுகளின் நினைவு இருக்கிறது.

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் 583 அடிகளில் நன்னனிடம் செல்லும் வழியை விரிக்கிறது. அதில் மிகுதியும் பேசப்படுவது அரண்மனைப் பரிசில் அன்று, பாதை. எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எந்தக் குழியில் பாம்பு ஒடுங்கியிருக்கும், தினைப்புனம் காப்போர் யானையை நோக்கி எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், பாசி படர்ந்த வழுக்குப் பாறையை எவ்வாறு கடப்பது, எந்தச் சிற்றூரில் இரவு தங்கினால் உணவு கிடைக்கும் என்றெல்லாம் ஒன்றுவிடாமல் கூறப்படுகிறது. 'போ, வெற்றி உனக்கே' என்று வாழ்த்தி அனுப்புவது ஆற்றுப்படை அன்று. இடர்களைச் சொல்லாத வழிகாட்டி வழிகாட்டி அல்லன், ஆசை காட்டுபவன். இடர்களை மட்டும் சொல்லிப் பாதையே இல்லை என்பவனும் வழிகாட்டி அல்லன். இன்றைய பள்ளிகளில் இவ்விரு சாராரும் உளர். வழி சொல்லும் கூத்தனைக் காண்பதுதான் அரிதாகிவிட்டது.

இனி, கலைக்குக் கூலி கேட்பது இழிவு என்னும் கருத்தை எடுத்துக்கொள்வோம். இது நம்மவரிடையே பெருமளவு வேரூன்றியுள்ளது. கலை தெய்வீகமானது, தொண்டாகச் செய்ய வேண்டியது, காசு வந்தால் தூய்மை கெடும் என்பர். இதனைப் பெருஞ்சித்திரனாரின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். தம் வறுமையையும் மனைமக்கள் பசியையும் ஒளிவின்றிப் பாடியவர் அவர். பரிசில் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர். ஆயினும் அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பியபோது, தாம் பொருள் ஒன்றையே கருதும் வணிகர் அல்லர் என்று மறுத்துவிட்டார். தினையளவே ஆயினும் தகுதியறிந்து தருவதே இனிது என்பது அவர் நிலை. அவர்க்கு ஊதியம் இழிவாகத் தோன்றவில்லை. மதிப்பின்றி வந்த ஊதியமே இழிவாகத் தோன்றியது. குமணனிடம் பெற்ற செல்வத்தை இல்லக்கிழத்தியிடம் தந்து, யார்க்கும் கொடு, என்னைக் கேட்கவும் வேண்டா என்றவரும் அவரே. பொருளைக் கேட்டதனால் அவர் உள்ளம் சுருங்கிவிடவில்லை.

இவ்வளவு கூறக் காரணம் உண்டு. கல்யாண விருந்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கடைத் திறப்பு விழாவுக்கும் மாணவர்கள் ஆட அழைக்கப்படுகின்றனர். பந்தல் போட்டவர்க்குப் பணம் உண்டு, ஒலிபெருக்கிக்காரர்க்குப் பணம் உண்டு, சமைத்தவர்க்கும் உண்டு. ஆடிய பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் உணவும், 'மேடை வாய்ப்பு' என்னும் பெயரும் கிடைக்கின்றன. தொடக்கத்தில் ஓரிரு மேடை பழக்கத்துக்கு உதவும் என்பது மெய்யே. ஆயின் ஐந்தாண்டு கழித்தும் அதே பொட்டலம்தான் எனில் அதற்கு வாய்ப்பு என்று பெயரிடுதல் தகுமா? மாணவனின் உழைப்புக்கு விலை இல்லை என்று முதலில் கற்றுக்கொடுப்பவர்கள், கலையை நேசிப்பதாகக் கூறும் பெரியவர்களே. பின்னாளில் அவனே தன் கலையை மதியாது போனால் வியப்பு என்ன? போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு தொகையும் முன்னரே பேசி, மாணவன் கையிலேயே கொடுக்கச் செய்யும் ஆசிரியர், ஒரு பாடநூல் முழுவதும் கூறாததை அவனுக்குக் கற்பித்துவிடுகிறார்.

ஆற்றுப்படை என்பது பழங்கதை, இக்காலத்தில் நன்னனும் இல்லை, நல்லியக்கோடனும் இல்லை எனலாம். உண்மை. புரவலர் இல்லாத காலத்தில் ஆசிரியர் ஒருவர் இக்கடனை எவ்வாறு தீர்க்கலாம் என்பதற்குச் சென்னைக் கலைப்பள்ளியின் வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், அப்பள்ளியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்தார். திறமையோடு பயின்று வெளியேறும் மாணவர் பலர், பிழைப்புக்காக ஓவியத்தையே கைவிடுவதை அவர் கண்டார். ஓவியம் விற்கும் என்று அவர்களிடம் பொய்யுரைக்கவில்லை; ஓவியத்தை விட்டுவிடுங்கள் என்றும் கூறவில்லை. ஓவியம் பழகிய கை கைத்தொழிலும் செய்யும் என்பதைச் சுட்டினார். அவர் முயற்சியால் ஆசிரியரும் மாணவரும் கூடிக் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துப் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினர். 1966இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அரசு கட்டித் தந்ததன்று. செல்வர் தானம் செய்ததும் அன்று. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சிய பகுதி தம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் என்று வகுத்துக்கொண்டு வாழ்ந்தனர். கைவினை வயிற்றைக் கவனித்துக்கொண்டதால் ஓவியம் எவர் விருப்பத்துக்கும் வளைய வேண்டியிருக்கவில்லை. பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது.

பாத்திக் சாவக மண்ணின் கலை என்பதை மலேசிய மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்தம் வீட்டுச் சாரத்திலேயே அது இருக்கிறது. பினாங்கில் சுவா தியென் தெங் என்னும் சீன ஓவியர் 1950களில் இதே மெழுகையும் சாயத்தையும் எதிர்த்திசையில் கொண்டு சென்றார். துணித் தொழிலுக்குரிய முறையை ஓவியமாக்கிப் புகழ்பெற்றார். கைத்தொழிலுக்கும் கலைக்கும் இடையே உள்ள சுவர், அறியாதவர் எண்ணுமளவு உயரமானதன்று.

சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் அமைக்கும் பணியில் இருந்தார். தமிழ் இதழ்களில் கதைகளுக்குப் படம் வரைந்தார். காந்தியடிகளின் கோட்டோவியங்களும், பின்னாளில் வண்ணங்களாலேயே ஆன அரூப ஓவியங்களும் அவ்வாழ்வினிடையே பிறந்தவையே. இத்தகைய வாழ்வைச் சமரசம் என்று குறைகூறுவோர், வேறு என்ன வழி வைத்திருந்தனர் என்பதையும் கூறியிருக்கலாம்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரிடையேயும் இக்கடனைத் தீர்த்தோர் உளர். கோலாலம்பூரில் 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில், 1950ஆம் ஆண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். எழுத்தார்வம் உடையவர்க்கு அஃது ஒரு பள்ளியாகவே அமைந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை 1950களில் இளையோர்க்கெனத் திறந்துவிட்டது. எழுது என்று ஊக்குவிப்பது ஒன்று. எழுதியதை வெளியிட ஒரு பக்கத்தை ஒதுக்குவது வேறொன்று. அவர்கள் இரண்டாவதைச் செய்தனர். பிற்காலத்துச் சிறுகதையாளரும் கவிஞரும் பலர் அப்பக்கங்களில் நடை பழகியவர்களே.

வெளியுலகம் எனும்போது தமிழர் அல்லாதார் உலகமும் அதில் அடங்கும். இதனை நம் ஆசிரியர்கள் போதிய அளவு எண்ணுவதில்லை. சிங்கப்பூரில் 1952இல் நடனப்பள்ளி தொடங்கிய கே. பி. பாஸ்கரின் துணைவியார் சாந்தா பாஸ்கர், சீனரின் பழங்காதற்கதையான 'வண்ணத்துப்பூச்சிக் காதலர்' கதையை 1958இல் பரத நாட்டியமாக அமைத்தார். அவர் பரதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பரதத்துக்குப் புதிய பார்வையாளரைத் தேடிக்கொடுத்தார். கோயில் திருவிழாவும் பள்ளி மேடையும் மட்டுமே தன் கலையின் எல்லை என்று எண்ணும் மாணவிக்கு இந்த ஒரு செய்தி போதும்.

முறையான கல்விக்கூடங்களும் இன்று உள்ளன. சிங்கப்பூரில் 1938இல் தோன்றிய நன்யாங் நுண்கலைக் கழகமும் 1984இல் தோன்றிய லாசால் கலைக்கல்லூரியும், கோலாலம்பூரில் 1994இல் தேசியக் கலைக் கழகமாகத் தோன்றிப் பின்னர் அஸ்வாரா எனப் பெயர் பெற்ற நிறுவனமும் அவற்றுட் சில. இவற்றின் விண்ணப்பத்துக்கு என்னென்ன தேவை, தேர்வுமுறை யாது, கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்பவற்றை ஓராண்டுக்கு முன்னரே கேட்டறிந்து வைத்திருக்கும் ஆசிரியர் எத்தனை பேர்? மருத்துவப் படிப்புக்கான விவரங்களைப் பெற்றோரே திரட்டிவிடுவர். கலைப்படிப்புக்கு எவரும் திரட்டுவதில்லை. பெரும்பாலும் அறியாமையே வறுமையைவிடப் பெரிய தடையாக நிற்கிறது.

ஆசிரியரின் கடன் எங்கே முடிகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவே. வழி சொன்ன கூத்தன் உடன் நடந்து செல்லவில்லை. மன்னனிடம் பரிந்துரைத்துப் பரிசிலும் பெற்றுத் தரவில்லை. தான் நிறைவேற்ற இயலாத கனவை மாணவன் தலையில் ஏற்றி வைக்கும் ஆசிரியரும் உண்டு. அது வழிகாட்டல் அன்று, சுமத்தல். பதினேழு வயது மாணவன் எல்லாவற்றையும் கேட்டறிந்த பின் கணக்கியல் படிக்கப் போகிறேன் என்றால், அம்முடிவையும் மதிக்கத்தான் வேண்டும். அவன் அறிந்து விலகுகிறான். அறியாமல் விலகுவதே இழப்பு.

எஞ்சி நிற்பது நடுத்தரத் திறன் உடைய மாணவனின் நிலை. அவனே தொகையில் மிகுதி. முதல் வரிசைக் கலைஞனாக மாட்டான் என்பது ஆசிரியர்க்குத் தெரியும். அதைச் சொல்லத் தயங்குவர். சொன்னால் மனம் உடைவான். சொல்லாவிடில் காலம் கடக்கும். இங்கும் மலைபடுகடாத்துக் கூத்தர் கூட்டத்தை நோக்கலாம். முழவும் ஆகுளியும் பாண்டிலும் தூம்பும் குழலும் பையிற் கட்டிச் சுமந்து செல்லும் கூட்டம் அது. ஆடுவோர் சிலர், இசைப்போர் சிலர், சுமப்போர் சிலர். இன்றைய அரங்குக்கும் ஒளியமைப்பவர் வேண்டும், ஒப்பனை செய்பவர் வேண்டும், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றி வார் பிடிப்பவர் வேண்டும். தொலைக்காட்சி நாடகத்துக்கு வசனம் திருத்தவும், திரையடியில் மலாய் மொழிபெயர்ப்பு எழுதவும் ஆட்கள் வேண்டும். நூல் அச்சிடும் எழுத்தாளர்க்குப் பிழை திருத்துபவர் வேண்டும். அவ்வேலைக்குத் தக்க ஆள் கிடைக்காமல் எத்தனை நூல்கள் பிழைகளோடு வெளிவருகின்றன என்பதை வாசகர் அறிவர். நாட்டியத்தில் நாலாவதாக நிற்கும் மாணவிக்குத் தாளம் நன்றாகப் பிடிபடுகிறது எனில் நட்டுவாங்கம் கற்க அனுப்பலாம். அதற்கு, நாலாவதாக நிற்பவளையும் ஆசிரியர் கவனித்திருக்க வேண்டும்.