பேறுகாலச் சலுகை: தாயின் உரிமையா, நமது தயவா?

ரமலான் வந்துவிட்டால் நம் வீடுகள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளோ, கைக்குழந்தைக்குப் பாலூட்டுபவளோ, நோன்பு நோற்க இயலாத நிலையில், அடுப்பங்கரை மூலையில் நின்றபடி இரண்டு கவளம் சோற்றை அவசரமாக விழுங்குகிறாள். மாமியின் காலடி ஓசை கேட்டால் தட்டை மறைக்கிறாள். அல்லாஹ் அனுமதித்த உணவை அவனுடைய அடியார்களுக்கு அஞ்சி ஒளித்து உண்ண வேண்டியிருக்கிறது. இந்த வெட்கம் மார்க்கம் தந்ததா? அல்லது அவள் தலையில் நாம் ஏற்றிவைத்ததா?

இது ஒரு வேளைச் சோற்றோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. தாயாகப் போகிறவளுக்கும் தாயானவளுக்கும் ஷரீஅத் வழங்கியிருக்கும் சலுகைகள் பலவீனர்களுக்குப் போடப்பட்ட பிச்சையா, அல்லது அவர்களுக்குரிய உரிமையா? உரிமை என்றால், அதை நிறைவேற்றிக் கொடுக்கும் கடன் யாரைச் சார்ந்தது? இதைத்தான் நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

நம் மக்களிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஈமானில் உறுதியுள்ளவள் எந்த நிலையிலும் நோன்பை விடமாட்டாள், உறுதி குறைந்தவளே சலுகையைத் தேடுவாள் என்பது அந்த எண்ணம். வெளிப்பார்வைக்கு இது பக்தியாகத் தோன்றும். ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழிமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது நிற்காது.

அனஸ் பின் மாலிக் அல்கஃபீ (ரலி) என்றொரு தோழர் இருந்தார். பெருமானாருக்குப் பணிவிடை செய்த புகழ்பெற்ற அனஸ் (ரலி) வேறு, இவர் வேறு. இவர் ஒருமுறை வந்தபோது நபியவர்கள் உணவருந்திக் கொண்டிருந்தார்கள். இவரையும் அழைத்தார்கள். தாம் நோன்பாளி என்று இவர் சொன்னார். அப்போது நபியவர்கள் இவரை அமரச் செய்து, பயணியிடமிருந்து தொழுகையின் ஒரு பாதியையும், பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோரிடமிருந்து நோன்பையும் அல்லாஹ் இறக்கிவைத்து விட்டான் என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். திர்மிதீ, அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அந்த உணவில் பங்கு கொள்ளாமல் போனோமே என்று அத்தோழர் பிற்காலத்தில் வருந்தினார் என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது.

இறக்கிவைத்தவன் யார்? கணவனா? மாமியாரா? ஊர் ஜமாஅத்தா? அல்லாஹ் அன்றோ! அவன் இறக்கிவைத்த சுமையை மீண்டும் தூக்கி அவள் தோளில் வைக்க நம்மில் யாருக்கு அதிகாரம் உண்டு?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்காவை நோக்கிப் புறப்பட்ட பயணம் ரமலானில் நிகழ்ந்தது. நோன்பு மக்களுக்குக் கடினமாகிவிட்டது என்று அறிந்ததும் நபியவர்கள் அஸருக்குப் பின் ஒரு குவளைத் தண்ணீரை வரவழைத்து, எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்து அருந்தினார்கள். அதன் பின்னும் சிலர் நோன்பை விடவில்லை என்று கேள்விப்பட்டபோது, அவர்களை மாறு செய்பவர்கள் என்றே குறிப்பிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் சலுகையை எல்லோர் கண் முன்னும் ஏற்றார்கள். நம் வீட்டுப் பெண்ணோ அடுப்பங்கரையில் ஒளிந்து ஏற்கிறாள். வீதியில் அமர்ந்து உண்ணுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நோன்பாளிகள் முன்னிலையில் பேணவேண்டிய ஒழுங்கு உண்டு. ஆனால் சொந்த வீட்டிலும் அவள் குற்றவாளியைப் போல் உண்ண வேண்டியதில்லை.

சிலர் கேட்பார்கள்: “சிரமம் கூடக் கூட நன்மையும் கூடும் அல்லவா? எங்கள் பாட்டிமார்கள் பத்துப் பிள்ளை பெற்றும் ஒரு நோன்பைக்கூட விட்டதில்லையே!”

நன்மைக்குக் காரணம் சிரமம் அன்று, கட்டளைக்குக் கீழ்ப்படிதலே. ஒரு வணக்கத்தின் வழியில் இயல்பாக வந்து சேரும் சிரமத்துக்குக் கூலி உண்டு. ஆனால் சிரமத்தையே வணக்கமாக்கித் தேடிப் போவது நம் மார்க்கத்தின் பாதை அன்று. அல்லாஹ் உங்களுக்கு இலேசையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்ற கருத்தைத் திருமறை வேறெங்கும் சொல்லாமல், நோன்பின் சட்டத்தைச் சொல்லும் இடத்திலேயே (2:185) சொல்லி வைத்திருப்பதைக் கவனியுங்கள். நோன்பு நோற்பவளும் அவன் சொல்லுக்காக நோற்கிறாள். விடுபவளும் அவன் சொல்லுக்காகவே விடுகிறாள். பசித்திருப்பவள் அடியாள், உண்பவள் அடியாள் அல்லள் என்று பிரிக்க நமக்கு என்ன ஆதாரம்?

பாட்டிமார்களைப் பற்றி ஒரு வார்த்தை. தாங்கியவர்கள்தாம் கதை சொல்ல மிஞ்சினார்கள். தாங்காதவர்களும், அவர்கள் வயிற்றிலேயே அடங்கிப்போன சிசுக்களும் மையவாடியில் இருக்கிறார்கள். அவர்கள் வந்து நமக்குச் சாட்சி சொல்வதில்லை.

அதே நேரத்தில், கர்ப்பம் என்ற பெயரே போதும், நோன்பு தானாக விலகிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்ற அச்சம், அனுபவத்தாலோ நம்பத்தகுந்த மருத்துவரின் சொல்லாலோ இருக்க வேண்டும். அந்த அச்சம் இல்லாதவள் நோற்கட்டும். உயிருக்கே ஆபத்து என்றால் நோன்பை விடுவது வெறும் அனுமதியாக இல்லாமல் கடமையாகவே ஆகிவிடும். விட்ட நோன்புகளைப் பின்னர் களா செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், தன்னைக் குறித்தோ, தன்னையும் குழந்தையையும் சேர்த்தோ அஞ்சி விட்டவளுக்குக் களா மட்டுமே உண்டு. குழந்தையை மட்டும் அஞ்சி விட்டவள் களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவாகக் கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இரு நிலையிலும் களா மட்டும் போதும். சூலும் பாலுமாக ஆண்டுகள் தொடர்ந்து, அடுத்த ரமலானுக்குள் களா செய்ய முடியாமல் போனால், அந்தத் தாமதத்துக்கும் தக்க காரணம் இருக்கவே செய்கிறது. ஆகவே அவளைக் குத்திப் பேச வழியில்லை.

இனிப் பேறுகாலத்துக்கு வருவோம். இங்கே நம்மவர்கள் ‘நாற்பது’ என்ற எண்ணை இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

நபியவர்களின் காலத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் 40 நாள் இருப்பார்கள் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முகத்தில் படரும் கருந்தேமலுக்காக ‘வர்ஸ்’ என்னும் மஞ்சள் நிறப் பூண்டை அரைத்துப் பூசிக்கொள்வோம் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்கிறார்கள். பிள்ளை பெற்றவளின் முகப்பூச்சைக்கூட ஹதீஸ் நூல்கள் நமக்காகப் பாதுகாத்து வைத்திருக்கின்றன! அவளுடைய உடல் நலம் பேசத் தகாத பொருள் என்று அந்தச் சமுதாயம் கருதவில்லை.

ஆனால் 40 என்பது கட்டாயக் கணக்கு அன்று. ஹனஃபீ மத்ஹபில் நிஃபாஸின் மேல் எல்லை 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் பெரும்பாலான அளவு 40, மேல் எல்லை 60. குறைந்த அளவுக்கு நாள் கணக்கே இல்லை. 15ஆம் நாளிலேயே உதிரம் முற்றும் நின்றுவிட்டால் அவள் குளித்துத் தொழ வேண்டும். நாற்பது கழியட்டும் என்று தொழுகையைத் தள்ளிப் போடுவது முதலாவது தவறு.

இரண்டாவது தவறு அதனினும் கொடியது. நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றியாயிற்று, இனி எல்லாம் முன்போலத்தான் என்று, அன்றே அவள் கையில் துடைப்பத்தையும் ஆட்டுக்கல் குழவியையும் கொடுத்துவிடுகிறோம். நிஃபாஸ் முடிந்தது என்றால் தொழுகைக்கான தடை நீங்கியது என்றுதான் பொருள். பலவீனம் நீங்கிவிட்டது என்று எந்த ஃபிக்ஹு நூலும் சொல்லவில்லை. ஷரீஅத் இங்கே இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது. ஒன்று தூய்மையின் கணக்கு, அது நாட்களில் முடியும். மற்றொன்று சுமையின் கணக்கு. தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்தாள் என்றும், பால்குடி மறக்க இரண்டு ஆண்டுகள் என்றும் 31:14ல் வருகிறது. சுமந்ததும் பால்குடி மறக்கச் செய்ததும் சேர்ந்து 30 மாதங்கள் என்று 46:15ல் வருகிறது. முதற் கணக்கைக் காட்டி இரண்டாவதை அழித்துவிடுகிறோம்.

இன்றைய மருத்துவமும் இதையே உறுதி செய்கிறது. பிரசவத்துக்குப் பிந்திய கவனிப்பு முதல் 24 மணி நேரத்தோடு நின்றுவிடலாகாது, அதன் பின்னரும் 6 வாரத்துக்குள் குறைந்தது மூன்று முறையாவது தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அறுவைச் சிகிச்சையானால் உட்காயம் ஆற இன்னும் காலம் பிடிக்கும். பூண்டும் பால்சுறாப் புட்டுமாக நம் பெண்கள் ஆக்கிக் கொடுக்கும் பத்தியம் நல்லதே. ஆனால் வயிறு ஊதிவிடும் என்று தண்ணீரைக் குறைப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் தாய்க்கும் சேய்க்கும் அநீதியாகும். தஹ்னீக் செய்யப் பேரீத்தம் பழத்தை மென்று மேலண்ணத்தில் இலேசாகத் தடவுவது சுன்னத்து. அதைச் சாக்கிட்டுத் தேன் புகட்டாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தனிப் பாய், தனித் தட்டு, அவள் தொட்டதைத் தொடாமை! இது நம்மிடம் எங்கிருந்து வந்தது? மாதவிலக்கின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய இடத்திலேயே நபியவர்களும் வாய் வைத்துப் பருகினார்கள் என்று முஸ்லிமில் இருக்கிறது. ஹிஜ்ரி 10ல் இறுதி ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில், துல்ஹுலைஃபாவில், அபூபக்ரு (ரலி) அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) பிள்ளை பெற்றார்கள். நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. குளித்து, துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணிந்து உடன் வரச் சொன்னார்கள். தொழுகை, நோன்பு, தவாஃப் போன்றவைதான் அவளுக்குத் தடை. மனிதர்களின் நெருக்கம் தடை அன்று. திக்ரும் துஆவும் ஸலவாத்தும் அவள் நாவை விட்டு ஒரு நாளும் விலக்கப்படவில்லை.

இப்போது நம் முதற் கேள்விக்குத் திரும்புவோம். ஒருவருக்கு உரிமை என்றால் மற்றொருவருக்குக் கடன் இருந்தே ஆக வேண்டும். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும், பிள்ளையின் பெயரால் தாய்க்குத் தீங்கிழைக்கப்படலாகாது என்றும் 2:233ஆம் வசனம் விதிக்கிறது. தலாக் சொல்லப்பட்டவளாயினும் கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை அவளுக்குச் செலவு செய்யுங்கள் என்பது 65:6ன் கட்டளை. உறவு அறுந்துவிட்ட நிலையிலேயே கடன் இப்படி என்றால், உறவு நிலைத்திருக்கும்போது என்ன சொல்ல!

நம்மூர் வழக்கமோ தலைப்பிரசவத்தின் முழுச் செலவையும் பெண்ணைப் பெற்ற வாப்பாவின் தலையில் கட்டுகிறது. ஆஸ்பத்திரிச் செலவும் அவருக்கே. போதாக்குறைக்குத் தொட்டில் சீரும் பேரப்பிள்ளைக்கு நகையும். மகள் மீதுள்ள பாசத்தால் அவர் மனமுவந்து செய்வது நல்ல காரியம், அல்லாஹ் அவருக்குக் கூலி தருவான். தாய்வீட்டில் உம்மாவின் அரவணைப்பில் அவள் தேறி வருவதும் நல்லதே. ஆனால் கேட்டு வாங்குவதும், குறைந்தால் முகம் சுளிப்பதும், தன் கடனைப் பிறர் மீது தள்ளிவிடுவதன்றி வேறென்ன?

வீட்டுக்கு மட்டுமன்று, நாட்டை ஆள்பவருக்கும் இந்தக் கடன் உண்டு என்பதை உமர் (ரலி) அவர்கள் காட்டித் தந்தார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்று அவர்கள் விதித்திருந்தார்கள். ஓரிரவு, மதீனாவுக்கு அருகே தங்கியிருந்த ஒரு வணிகக் கூட்டத்தில் குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். உதவித்தொகைக்காகத் தாய் அவசரப்பட்டுப் பாலை நிறுத்த முயல்கிறாள் என்று தெரிந்தது. அன்றைய ஃபஜ்ரில் அழுகையால் அவர்களின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை. தொழுது முடித்ததும் தம் சட்டத்தை மாற்றி, பிறந்த உடனேயே எல்லாக் குழந்தைக்கும் உதவித்தொகை என்று அறிவிக்கச் செய்தார்கள். தாயைக் குறை சொல்லாமல், அவளை அந்நிலைக்குத் தள்ளிய தம் சட்டத்தையே கலீஃபா குறை கண்டார்கள். நம் வீட்டுச் சட்டங்களை நாம் என்றேனும் இப்படிப் பார்த்ததுண்டா?

இறுதியாக ஒன்று. பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுவாள். முதல் இரண்டு வாரத்தில் இது பலருக்கும் வருவது, ஆறுதலாலும் தூக்கத்தாலும் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைக் காணவே வெறுத்தால், வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அது சிகிச்சையால் குணமாகும் நோய். தாயத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஈமான் இல்லாதவள் என்று ஏசாதீர்கள். பேறுகால வேதனையில், இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று கதறியவர்கள் அன்னை மர்யம் (அலை) அவர்கள். திருமறை அதை மறைக்காமல் எடுத்துச் சொல்கிறது (19:23). அந்தக் கதறலுக்குக் கிடைத்த பதில் கண்டனமாக இருக்கவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், கைக்கெட்டும் பழமும், உண்டு பருகிக் கண் குளிர்ந்திருக்கும்படியான கட்டளையுமே அவர்களுக்குக் கிடைத்தன.

ஆறுதல், தண்ணீர், உணவு. அல்லாஹ் ஒரு தாய்க்கு முதலில் அளித்தவை இவை. கணவன்மார்களே! இரவில் அழும் குழந்தையை ஒரு நாழிகை நீங்கள் தூக்கிச் சுமந்தால் உங்கள் ஆண்மை குறைந்துவிடாது. குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையையே சுருக்கிக் கொண்ட நபியின் உம்மத்து நாம். மாமிமார்களே! வருகிற ரமலானில் அந்தத் தட்டை உங்கள் கையாலேயே அவள் முன் வையுங்கள். அது நீங்கள் காட்டும் தயவு அன்று, அவளுக்குச் சேரவேண்டிய அமானிதம்.

வல்ல ரஹ்மான் நம் தாய்மார்களுக்கு நலத்தையும், அவர்களின் கடனை உணர்ந்து நிறைவேற்றும் நல்லுள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.