அடிக்கவே முடியாத ஒருவனை என்ன செய்வது?

வில்லன் எவ்வளவு பலசாலியாக இருக்கலாம் என்பதற்கு ஆக்‌ஷன் கதைகளில் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. ஹீரோவைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் கதை சப்பென்று ஆகிவிடும். ரொம்ப மேலே போனால் கதை எழுதுகிறவரே மாட்டிக்கொள்வார். வாராவாரம், வருடக்கணக்கில் ஓடுகிற ஜப்பானிய அனிமே தொடர்களில் இப்படி மாட்டிக்கொள்வது சகஜம். ஒருவனை வீழ்த்தியாயிற்று, அடுத்து வருகிறவன் அவனைவிடப் பெரியவனாக இருந்தாக வேண்டும். டிராகன் பால் இசட் இதை எண்ணாகவே போட்டுக் காட்டியது. தன் பலம் 5,30,000 என்று ஃப்ரீசா சாவகாசமாகச் சொல்வான். அதுவும் இன்னும் உருமாறாத நிலையில். அப்புறம் என்ன? கிரிலின் செத்தான், கோகுவின் முடி பொன்னிறமானது, கணக்கு நேரானது. அடுத்து செல் வந்தான், அதற்கடுத்து பூ.

இந்தத் தீர்வில் ஒரு நல்ல மனசு இருக்கிறது. உனக்கு நியாயமான கோபம் வந்தால் உலகம் உனக்குப் பலத்தைக் கொடுத்தே தீரும் என்கிற நம்பிக்கை அது. ஷோனென் ஜம்ப் பத்திரிகை நட்பு, முயற்சி, வெற்றி என்று மூன்று சொற்களைத் தன் தாரக மந்திரமாக வைத்திருந்தது. மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்போது இதிலிருந்து அது தானாக வரும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஹீரோ கடைசியில் எப்படியும் ஜெயித்துவிடுவான் என்றால், அவன் நல்லவனா என்கிற கேள்வியை நாம் கேட்கவே தேவையில்லை. ஜெயிக்கிற வலு இருப்பவன் மன்னிக்கலாம், எச்சரித்து அனுப்பலாம், இன்னொரு வாய்ப்பு தரலாம். எல்லாம் அவனுக்கு மலிவு. வலு இல்லாதபோது என்ன செய்வான்? அதைப் பார்க்க நிஜமாகவே அடிக்க முடியாத ஒருவன் வேண்டும்.

நான் சொல்ல வருவது ஹண்டர் ஹண்டர் பற்றி. (நடுவில் ஒரு பெருக்கல் குறி உண்டு, வாயால் சொல்வதில்லை.) டோகாஷி யோஷிஹிரோ 1998-இல் தொடங்கிய மாங்கா. மேட்ஹவுஸ் நிறுவனம் 2011 முதல் 2014 வரை 148 எபிசோடுகளாக எடுத்ததுதான் இப்போது பெரும்பாலோர் பார்ப்பது. அதில் 76-ஆவது எபிசோடிலிருந்து அறுபது எபிசோடுகளுக்கு நீள்கிற கைமேரா எறும்புக் கதை. முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வரலாம். அவசரமே இல்லை.

தொடரின் ஆரம்பம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். திமிங்கிலத் தீவில் ஒரு சிறுவன், கோன். அப்பாவைத் தேடிப் போகிறான். பரீட்சை எழுதுகிறான், கில்லுவா என்கிற சிநேகிதன் கிடைக்கிறான். பச்சை, நீலம், மீன்பிடி தூண்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பான தொடர் அது. பாதி வழியில் அதை நள்ளிரவுக்கு மாற்றினார்கள். எறும்புகள் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

மனித அளவுள்ள ஒரு எறும்பு ராணி கரை ஒதுங்குகிறாள். தின்கிற உயிர்களின் குணங்களை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிற இனம். அவள் மனிதர்களைத் தின்னத் தொடங்குகிறாள். முதலில் பலியாவது ஒரு அண்ணனும் தங்கையும், குழந்தைகள். கோனின் வழிகாட்டியான கைட்டைப் பூனைக்காதுகள் கொண்ட பிட்டோ கொன்று, உடலைப் பொம்மையாக்கி விளையாடுகிறாள். இந்த பிட்டோ ராஜாவின் காவலர்களில் ஒருத்திதான். ராஜா இன்னும் பிறக்கவே இல்லை. பிறந்தபோது தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறான். மெருயெம். அவனுக்கு நிகரான எதிரி அந்தக் கதையில் கிடையாது. எந்தப் பயிற்சியும் எந்த நட்பும் போதாது. கோன் அவனோடு மோதுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹீரோவுக்கும் மெயின் வில்லனுக்கும் சண்டையே இல்லாத ஆக்‌ஷன் தொடர்!

‘டார்க் ஆகிவிட்டது’ என்று இப்போதெல்லாம் எந்தத் தொடரைப் பற்றியும் சொல்கிறோம். பாதி நேரம் அது வெளிச்சத்தைக் குறைத்த கதைதான். இரண்டு பக்கப் பாத்திரங்களைக் கொல்வது, மழை, ரத்தம், நீளமான மௌனம். ஜுஜுட்சு கைசெனில் சுகுனா ஷிபுயாவைத் தரைமட்டமாக்கும் இடம் எனக்குப் பிடிக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே கதை இருண்டது, கேள்வி இருளவில்லை. சுகுனா கெட்டவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஹண்டர் ஹண்டரில் நடப்பது வேறு. வில்லன் கொடூரமாகிக்கொண்டே போனால் தாங்கிக்கொள்ளலாம். இவன் நல்லவனாகிக்கொண்டே போகிறான்.

மெருயெம் ஒரு நாட்டைக் கைப்பற்றி, அரண்மனையில் பொழுது போகாமல் பலகை விளையாட்டு ஆடுகிறான். சாம்பியன்களை வரவழைத்துத் தோற்கடித்துக் கொல்கிறான். கடைசியாக வருகிறவள் கொமுகி. பார்வை இல்லாத, மூக்கொழுகுகிற, குங்கி என்கிற ஆட்டத்தைத் தவிர எதுவும் தெரியாத பெண். அவளை அவனால் ஜெயிக்க முடியவில்லை. ஒரு ஆட்டம்கூட. ஜெயித்தால் என்ன வேண்டும், தோற்றால் என்ன தருவாய் என்று பந்தயத்துக்கு அழைக்கிறான். தோற்றால் உயிர் என்கிறாள், யோசிக்காமல். ஆடுகிற ஒவ்வொரு முறையும் அவள் அதைத்தான் பந்தயம் வைத்திருக்கிறாள். அவன் வெட்கப்பட்டுத் தன் இடது கையைத் தானே பிய்த்துப் போடுகிறான். எல்லாரையும்விட பலமானவன், பலம் என்றால் என்ன என்று முதன்முறையாகக் குழம்புகிறான்.

மனிதர்கள் அனுப்புகிற ஆள் ஐசக் நெட்டெரோ. ஹண்டர் சங்கத் தலைவர், நூறு வயதைத் தாண்டியவர். 46 வயதில் மலைக்குப் போய் நன்றி சொல்லிக் கும்பிட்டுக் கும்பிட்டு தினம் 10,000 குத்து விட்டுப் பழகியவர். ஆரம்பத்தில் அதை முடிக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பின்னர் சூரியன் இறங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. முயற்சி என்கிற சொல்லுக்கு இதைவிட அழகான உருவம் எந்தத் தொடரிலும் கிடையாது. டோகாஷி அதை அவ்வளவு அழகாக்கிக் காட்டிவிட்டு, மெருயெம் முன்னால் நிறுத்தி, ஒன்றுமில்லாமல் ஆக்குகிறார். காலும் கையும் போய் நெட்டெரோ தோற்கிறார். தோற்றதும் தன் மார்பில் தானே விரலைக் குத்தி இதயத்தை நிறுத்துகிறார். உடலுக்குள் வைத்திருந்த வெடிகுண்டு வெடிக்கிறது.

அந்தக் குண்டின் பெயர் ரோஜா. வெடித்தால் புகை பூப்போல விரியும். மலிவாகச் செய்யலாம், சின்ன நாட்டுச் சர்வாதிகாரிகளுக்குப் பிடித்த சாமான். வெடியில் தப்பினாலும் விஷம் விடாது. அதை வாங்கியவன் அடுத்தவனுக்குப் பரப்புவான். ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு பிறந்த ஒரு ஜப்பானியக் கலைஞர், வானில் பூக்கிற புகையை எதற்காக வரைகிறார் என்று விளக்கத் தேவையில்லை. அந்தக் குண்டு இங்கே ‘நம் பக்கத்தில்’ இருக்கிறது என்பதுதான் தொந்தரவு.

நம் புராணங்களிலும் அடிக்க முடியாத வில்லன்கள் உண்டு. இரணியனை மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும் கொல்ல முடியாது. அங்கே வரத்தில் ஒரு இடுக்கு இருக்கும், கடவுள் அந்த இடுக்கில் நுழைவார். நரசிம்மம் ஒரு சட்ட நுணுக்கம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சூரபத்மன் கதை இன்னும் ஒரு படி மேலே. பிளந்த மாமரத்திலிருந்து மயிலும் சேவலும் வருகின்றன. எதிரி வாகனமாகவும் கொடியாகவும் கூடவே வந்துவிடுகிறான். மெருயெமுக்கு அப்படி ஒரு வேல் கிடைக்கவில்லை. கிடைத்தது மலிவான ஒரு குண்டு.

சரி, நெட்டெரோ செய்தது தப்பா?

தப்பில்லை என்பதற்கான வாதத்தை முதலில் முழுசாக வைத்துவிடுவோம். அந்த நாட்டின் ஐம்பது லட்சம் மக்களைத் தலைநகருக்கு நடத்தி வந்து, தாங்குபவர்களைப் படையாக்கி மற்றவர்களைச் சாகவிடுவது எறும்புகளின் திட்டம். இன்னும் சில நாள்தான். வேறு வழி இருக்கவில்லை. மைக்கேல் வால்சர் 1977-இல் எழுதிய ‘நியாயமான போர்களும் அநியாயமான போர்களும்’ நூலில் இந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: உச்ச அவசரநிலை. ஆபத்து மிக நெருங்கியதாகவும், வருவது ஒரு சமூகத்தின் அழிவாகவும் இருந்தால் மட்டும், போரின் விதிகளை மீறுவதற்கு இடமிருக்கலாம் என்றார். அவர் எடுத்த உதாரணம், பிரிட்டன் தனித்து நின்ற காலத்தில் ஜெர்மன் நகரங்கள் மீது போட்ட குண்டுகள். அபாயம் விலகிய பிறகும் போட்டுக்கொண்டே இருந்ததை அவர் ஏற்கவில்லை, ஹிரோஷிமாவையும் ஏற்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்: அப்படி மீறுகிறவன் குற்றவாளிதான். அவசியம் அவன் கையைக் கழுவிவிடாது.

இந்த வாதத்தின் முட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எதிரி மாறமாட்டான் என்பதில் நிற்கிறது. மாறக்கூடியவனோடு பேசலாம், காத்திருக்கலாம், அப்போது அவசரநிலை என்கிற பேச்சே தளர்ந்துவிடும்.

நெட்டெரோ அரண்மனையில் இறங்கும்போது முதலில் பார்ப்பது என்ன? தாக்குதலில் அடிபட்டுக் கிடக்கும் கொமுகியை மடியில் ஏந்தியிருக்கும் ராஜா. அவளைக் காப்பாற்று என்று பிட்டோவுக்கு ஆணையிடுகிறான். எதிரியிடம் வேறு இடத்தில் சண்டை போடலாம் என்று நாகரிகமாகக் கிளம்புகிறான். போன இடத்தில் சண்டை வேண்டாம், பேசலாம் என்று தரையில் உட்கார்கிறான். நெட்டெரோவுக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் அவசரப்படுகிறார். இன்னும் கொஞ்சம் கேட்டால் மனசு இளகிவிடும், நான் மனிதர்களின் பக்கம் நிற்க வந்தவன், என்று தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறார். குண்டு ஏற்கனவே மார்புக்குள் இருக்கிறது. பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் அவர் கிளம்பியிருக்கிறார்.

எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். குண்டைப் போட்டதைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். ஏனென்றால் மெருயெம் தருவதாகச் சொன்னதும் பெரிதாக ஒன்றும் இல்லை. மனிதர்களை ஒரு எல்லைக்குள் வாழ விடுகிறேன் என்கிற அளவில்தான் அவனுடைய கருணை அன்றைக்கு வளர்ந்திருந்தது. அதை ஏற்றுக்கொண்டு திரும்பி வா என்று அந்த ஐம்பது லட்சம் பேரில் யாரும் நெட்டெரோவிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். ஆனால் காதைப் பொத்திக்கொண்டு போகிறவனிடம் அவசியம் என்கிற சொல் கொஞ்சம் மலிவாகத்தான் ஒலிக்கிறது. கேட்டுவிட்டு, இல்லை என்று முடிவெடுத்து, வெடித்திருக்கலாம். விளைவு அதேதான். ஆனால் அது வேறொரு செயல்.

இன்னொரு பக்கம் கோன். கைட்டைக் குணமாக்க பிட்டோ வேண்டும் என்று வருகிறான். பிட்டோ அப்போது கொமுகிக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறாள், கெஞ்சுகிறாள், தன் கையைத் தானே முறித்துக் காட்டுகிறாள். உயிருக்குப் போராடுகிற ஒரு குருட்டுப் பெண்ணைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறான் நம் மீன்பிடிச் சிறுவன். நண்பன் கில்லுவாவிடம், உனக்கென்ன, உனக்கு இதில் சம்பந்தமில்லை என்கிறான். மொத்தத் தொடரிலும் பயங்கரமான அடி அந்த வார்த்தைதான். பிறகு கைட் ஏற்கனவே செத்துவிட்டான் என்று தெரிந்ததும் தன் எதிர்காலம் முழுவதையும் அடகு வைத்து ஒரு நொடியில் பெரிய ஆளாக வளர்ந்து பிட்டோவை அடித்தே கொல்கிறான். கோகுவின் முடி பொன்னிறமான அதே காட்சிதான், அச்சு அசல். நண்பன் சாவு, கோபம், புதுப் பலம். இந்த முறை மட்டும் கைதட்டத் தோன்றவில்லை. பழிவாங்கு என்று நாற்பது எபிசோடாக நாமும் சேர்ந்துதான் கத்திக்கொண்டிருந்தோம்.

மெருயெம் வெடியில் சாவதில்லை. காவலர்கள் தங்கள் உடலைத் தந்து மீட்கிறார்கள். பிறகு விஷம் தெரிய வருகிறது. மிச்சமுள்ள நேரத்தை அவன் கொமுகியோடு குங்கி ஆடிக் கழிக்கிறான். விஷம் தொற்றும் என்று சொல்கிறான், அவள் போகவில்லை. கடைசிவரை அவன் ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. மாங்காவில் அந்தப் பக்கங்கள் கருப்பாகிப் பேச்சு மட்டும் மிஞ்சும். ரோஜா கொன்றவர்களில் கொமுகியும் ஒருத்தி. அவளை யாரும் எதிரிப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற சின்னக் காட்சி ஒன்று இருக்கிறது. ராணி செத்தபிறகு அவள் உடலுக்குள் இன்னொரு சிசு, கையளவு, உயிரோடு கிடைக்கிறது. கோல்ட் என்கிற எறும்பு அதை ஏந்திக்கொண்டு, எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று ஹண்டர்களிடம் அழுகிறான். ராணி தின்ற அந்த அண்ணன்–தங்கையில் அண்ணனின் நினைவு மிச்சமிருப்பவன் அவன். மொரேல் என்கிற முரட்டு ஹண்டர், குண்டுக்கும் திட்டத்துக்கும் பழகிய மனுஷன், அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார். மனிதரைத் தின்னக் கூடாது என்று ஒரே நிபந்தனை. எறும்பு இனத்தை வேரோடு அழிப்பதுதான் பணி என்று வந்தவர். புத்திசாலித்தனமாகப் பார்த்தால் அது முட்டாள்தனம். அந்தச் சிசு ராஜாவின் இரட்டைப் பிறவி, இன்னொரு மெருயெமாக வளர்ந்திருக்கலாம்.

அது வளர்ந்து சிவப்பு முடிச் சிறுமியாகிறது. கைட்டின் நினைவு அதில்தான் திரும்பி வந்திருந்தது. யாருடைய சாவுக்காகக் கோன் அத்தனையும் செய்தானோ, அவன் உயிர் அந்த நேரமெல்லாம் எறும்பு உடலில், மொரேல் சொன்ன ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. கோன் பிழைத்து எழுந்ததும் போய்ப் பார்க்கிறான். எறும்புச் சிறுமியின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறான்.