பகையும் உறவும் அறியும் நெல்

கந்த சஷ்டியில் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. முருகனின் சினம் தணிந்த தலம் என்பதால் புஷ்பாஞ்சலிதான். போருக்கு ஓரிடம், அமைதிக்கு ஓரிடம் என்று பிரிப்பதுபோல, பகை எது, உறவு எது என்று பிரித்தறியும் வேலை நெல்வயலிலும் நடக்கிறது.

குலைநோய்ப் பூஞ்சை இலையில் இறங்கியதும், நெல்லின் நொதிகள் அதன் செல்சுவரிலுள்ள கைட்டினை நறுக்குகின்றன. அந்தத் துணுக்குகளை நெல்லின் செல்பரப்பிலுள்ள 'செபிப்' புரதம் பிடிக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2006இல் அறிவித்தார்கள். சில நிமிடங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு பெருகுகிறது. பிறகு மோமிலாக்டோன் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் உருவாகின்றன.

வேருக்குப் பாஸ்பரஸ் கொண்டுவரும் நட்புப் பூஞ்சையின் சுவரிலும் கைட்டின்தான் இருக்கிறது. செபிப்புடன் சேர்ந்து போரைத் தொடங்கும் 'செர்க்1' புரதமே அந்த உறவுக்கும் துணைநிற்கிறது.

இந்தப் பிரித்தறிதலை அறிவு எனலாமா? புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வாகிய ஓரறிவைத் தந்தது தொல்காப்பியம். சமணமும் தாவரங்களை ஓரறிவுயிர் என்றே கொண்டது. நெல்லுக்கு மனம் உண்டென்று கைட்டின் ஆய்வு நிறுவவில்லை. ஆனால் வேதிவினை என்பதாலேயே அது அறிவில்லை என்று தள்ளினால், நம் நரம்புகளில் நடப்பதையும் தள்ள வேண்டியிருக்கும்.